எம்சி வர்ற பேஸ்லைன், கேரிஜ் புது ட்ராக்குகள எங்க இருந்து கேக்க ஆரம்பிக்கறது?

கேள்வி இதுதான்: "யூகே பேஸ்லைன், கராஜ் ரெண்டுலயும் இப்ப எம்சி வெச்சு நிறைய புது ட்ராக் வருதே, எதுல ஆரம்பிக்கலாம், எது நல்லாருக்கு, இதுக்கும் சாதா ராப்புக்கும் என்ன வித்தியாசம்?" (கராஜ், பேஸ்லைன் ரெண்டும் இங்கிலாந்து க்ளப்புல ஆடற டான்ஸ் மியூசிக், எம்சின்னா அதுக்கு மேல மைக்க புடிச்சு பேசறவரு.) மூணு கேள்விய ஒண்ணா கேட்டுட்டீங்க. நான் கடைசிலருந்து வரேன், அது பிடிபட்டா மத்த ரெண்டுக்கும் பாதி பதில் தானா வந்துரும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. நாம கராஜ்னு எழுதறோம், ஆனா இங்க இங்கிலாந்துல உள்ளூர்க்காரங்க வாயில அது கேரிஜ். கராஜ்னு இழுத்து சொன்னா அமெரிக்கால வந்த பழைய ஹவுஸ் மியூசிக்க பத்தி பேசறன்னு நெனச்சுக்குவாங்க, இல்லன்னா வண்டி ரிப்பேரான்னு கலாய்ப்பாங்க. அதனால நான் கேரிஜ்னே எழுதறேன்.

ராப் பாட்டுல ராப்பர்தான் ஹீரோ, பீட்டு அவருக்கு பின்னாடி வர்ற ஆளு. இங்க தலைகீழ். பீட்டுதான் ஹீரோ, டிஜே அத ஓட்டுவாரு, எம்சிங்கறவரு நம்ம தெருக்கூத்து கட்டியங்காரன் மாதிரி, யார் வரப்போறான்னு சொல்லுவாரு, கூட்டத்த உசுப்புவாரு, பாட்டு நல்லா போகும்போது வாய மூடிட்டு ஒதுங்கி நிப்பாரு. இதுக்கு இங்க ஹோஸ்டிங்னு பேரு. எம்சி க்ரீட், பிஎஸ்ஜி மாதிரி பழைய ஆளுங்க ரெக்கார்டிங் யூடியூப்ல கெடக்கு, கேட்டுப் பாருங்க, வார்த்தைய விட அவங்க விட்டு வெக்கற இடம்தான் அழகா இருக்கும், ஹை-ஹேட் (ட்ரம்ஸோட ஜிங் ஜிங் தட்டு) எப்படி குதிக்குதோ அதே மாதிரி நாக்கும் குதிக்கும். கூட்டம் கத்துனா எம்சி ரீலோடுன்னு கேப்பாரு, டிஜே ரெக்கார்ட பின்னாடி சுத்தி முதல்லருந்து போடுவாரு. நல்லா போய்ட்டிருக்கற பாட்ட நிறுத்தி திரும்ப போடறதுதான் அந்த பாட்டுக்கு கெடைக்கற பெரிய மரியாதை, வெளி ஆளுக்கு இது பைத்தியக்காரத்தனமா தெரியும்.

இன்னொரு வித்தியாசம் வேகம். சாதா ஹிப்-ஹாப் நிமிஷத்துக்கு 90 பீட்டு சுமாருக்கு போகும், அதுல ஒரு 16 பார் வெர்ஸுக்கு (ஒரு பார்னா நாலு பீட்டு) 43 செகண்டு கெடைக்கும். கேரிஜ், பேஸ்லைன் எல்லாம் 130லருந்து 140க்குள்ள. 135ன்னு வெச்சுக்கிட்டா அதே 16 பார் 28 செகண்டுல முடிஞ்சு போச்சு. கதை சொல்ல நேரமே இல்ல. அதனாலதான் எம்சி வரிகள் சின்னதா, திரும்பத் திரும்ப வர்ற மாதிரி, நாலு தடவ கேட்டா கூட்டமே சேந்து கத்தற மாதிரி இருக்கும். "என்னய்யா லிரிக்ஸ்ல ஒண்ணுமே இல்ல"ன்னு சொல்றவங்க இந்த கணக்க பாக்கறதில்ல.

இந்த மாதிரி எம்சி முன்னாடி நின்ன பாட்டுங்க 1999லருந்து 2001 வரைக்கும் இங்கிலாந்து சார்ட்ட, அதாவது விற்பனை வரிசைய, ஆட்டிப் படைச்சுது. டிஜே லக்கும் எம்சி நீட்டும் போட்ட 'எ லிட்டில் பிட் ஆஃப் லக்' டாப் 10, ஆக்ஸைடு அண்ட் நியூட்ரினோ 2000ல நம்பர் 1, அடுத்த வருஷம் பைட் பைப்பர் நம்பர் 1, அப்புறம் சோ சாலிட் க்ரூவோட '21 செகண்ட்ஸ்' நம்பர் 1. அந்த கடைசி பாட்டோட பேருதான் அதோட சட்டமும், ஆளுக்கு 21 செகண்டு மைக்கு, முடிஞ்சதும் அடுத்தவன் கையில. ஒரு பெரிய கும்பல் ஒரே மைக்க எப்படி பங்கு போட்டுக்கும்னு பாக்கணும்னா இன்னிக்கும் அதவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

ஆனா அப்பவே கேரிஜ்ல இருந்த பெரிய தலைங்களுக்கு இது பிடிக்கல. நல்ல டிரஸ் போட்டுட்டு ஷாம்பெய்னோட ஆட வர்ற இடம், இந்த சின்ன பசங்க வந்து மைக்க புடிச்சு கெடுக்கறாங்கன்னு ஒரு புலம்பல். 2001 கடைசில லண்டன் அஸ்டோரியால சோ சாலிட் ஷோ அன்னிக்கு துப்பாக்கிச் சூடு நடந்து அவங்க டூரே கேன்சல் ஆச்சு, அப்புறம் க்ளப்புங்க எம்சின்னாலே பயந்துச்சு. 2005ல லண்டன் போலீஸ் ஃபார்ம் 696ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஷோ நடத்தணும்னா யார் யார் மேடை ஏறறாங்கன்னு முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும், ஆரம்பத்துல எந்த இன ஆளுங்க வருவாங்கன்னு கூட கேட்டிருந்தாங்க. அந்த ஃபார்ம 2017லதான் தூக்குனாங்க. இதுக்கு நடுவுல எம்சிங்க தனியா போய் க்ரைம்னு ஒண்ண கட்டிட்டாங்க. டிஸ்ஸி ராஸ்கல் 2003ல மெர்க்குரி ப்ரைஸ், அதாவது வருஷத்தோட நல்ல ஆல்பத்துக்கு குடுக்கற பரிசு, வாங்குனது அதுலதான். க்ரைம்னா குற்றம் இல்ல, அழுக்குன்னு அர்த்தம் வர்ற வேற வார்த்தை, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணா ஆயிடுது, என்ன பண்றது.

ஆக லண்டன் கேரிஜ்லருந்து எம்சி வெளிய போய்ட்டாரு. இப்ப வர்ற புது ட்ராக் எல்லாம் அவரு திரும்பி வீட்டுக்கு வர்ற கதைன்னு வெச்சுக்கங்க. ஆனா வடக்குல கதை வேற, பேஸ்லைன் அங்கதான்.

நான் 2006 செப்டம்பர்ல ஷெஃபீல்டுக்கு படிக்க வந்தேன். பேஸ்லைனோட கோயில்னு சொல்ற நீஷ் க்ளப் அந்த ஊர்லதான் இருந்துச்சு, 1992ல ஆரம்பிச்சது, 2005 நவம்பர்ல பெரிய போலீஸ் படையே வந்து ரெய்டு பண்ணி இழுத்து மூடிட்டாங்க, நான் வந்தப்ப மூடி ஒரு வருஷம் கூட ஆகல. அதனால நான் பேஸ்லைன முதல்ல கேட்டது க்ளப்புல இல்ல, ராத்திரி கடைசி பஸ்ஸுல. ஒரு டேக்அவே கடைல வேலை முடிச்சுட்டு மாடி பஸ்ஸுல மேல ஏறுனா பின் சீட்ல நாலு பசங்க, ஒருத்தன் கையில சோனி எரிக்சன் ஃபோன், ஸ்பீக்கர்ல ஃபுல் சத்தம். ஃபோன் ஸ்பீக்கர்ல பேஸ் எங்க கேக்கும்? ஒரு பொண்ணு குரல எலி மாதிரி வேகமா ஓட்டுனது, அதுக்கு அடில டொக் டொக்குன்னு ஒரு ஆர்கன், அவ்வளவுதான். இத போய் பேஸ்லைன்னு சொல்றானுங்களேன்னு நெனச்சேன். பாட்ட ப்ளூடூத்ல ஒருத்தனுக்கொருத்தன் அனுப்பிட்டிருப்பானுங்க. நடுவுல ஒருத்தன் அந்த ஆர்கன் மேல தானே ரைம் போட ஆரம்பிப்பான், அடுத்த ஸ்டாப்புல இன்னொருத்தன் வாங்கிப்பான். அத நான் அப்ப தொல்லையா நெனச்சேன், இப்ப யோசிச்சா டிக்கெட் வாங்காம பாத்த நல்ல ஷோ அது.

அந்த ஆர்கன் சத்தம் எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா இப்ப வர்ற ட்ராக்லயும் அதேதான். கோர்க் எம்1னு 1988ல வந்த ஒரு கீபோர்டு, அதுல ஆர்கன் 2ன்னு ரெடிமேடா ஒரு சத்தம். ராபின் எஸ் பாடின 'ஷோ மீ லவ்' கேட்டிருப்பீங்க, அந்த ஆரம்ப கீபோர்டுதான். அந்த சத்தத்த அடி ஸ்தாயில எறக்கி, நாலு பீட்டுக்கும் கிக் (டம்முன்னு விழற பெரிய ட்ரம்) போட்டு, கொஞ்சம் வளைச்சு நெளிச்சு விட்டா பேஸ்லைன். லண்டன் டூ-ஸ்டெப் கேரிஜ்ல கிக் எல்லா பீட்டுலயும் விழாது, நொண்டி அடிக்கற மாதிரி ஒரு இடைவெளி இருக்கும், பேஸ்லைன் நேரா இடிச்சுட்டு போகும். ரெண்டையும் பிரிச்சு பாக்க இந்த ஒரு வித்தியாசம் போதும்.

2007ல லீட்ஸ்காரர் டி2, ஜோடி ஆய்ஷா குரல்ல 'ஹார்ட்ப்ரோக்கன்' விட்டாரு, நாடு முழுக்க நம்பர் 2 வரைக்கும் போச்சு. ஆனா அது பாட்டு, எம்சி இல்ல. எம்சி வெச்சு பேஸ்லைன் எப்படி இருக்கணும்னு காட்டுனது 2008ல ஹடர்ஸ்ஃபீல்டு டிஜே க்யூ, எம்சி போன்ஸோட சேந்து போட்ட 'யூ வாட்!'. அதுல பெரிய கேங்ஸ்டர் பேச்சு எல்லாம் கிடையாது, நக்கல், நையாண்டி, வடக்கு வட்டார பேச்சு. இந்த நக்கல் தொனிய மனசுல வெச்சுக்கங்க, அடுத்த வரிசைல வர்றவங்க இதுலருந்துதான் வராங்க.

இப்ப உங்க முதல் கேள்வி, எங்க ஆரம்பிக்கறது.

பேஸ்லைன்னா கண்ண மூடிட்டு ப்ராட்ஃபோர்டு பேட் பாய் சில்லர் க்ரூ. மூணு பசங்க, கேன், ஜிகே, க்ளைவ். முதல்ல ஃபேஸ்புக்ல கோமாளித்தனமா வீடியோ போட்டுட்டிருந்தவங்க, யாரும் சீரியஸா எடுத்துக்கல, நானும்தான். 2020ல '450'ன்னு ஒரு பைக் பேர வெச்சு பாட்டு, 2021ல 'டோன்ட் யூ வொரி அபவுட் மீ' டாப் 40க்குள்ள, 2022ல 'டிஸ்ரெஸ்பெக்ட்ஃபுல்' ஆல்பம் சார்ட்ல நம்பர் 2. ப்ராட்ஃபோர்டு வாய்மொழியோட பேஸ்லைன் எம்சிங்க ஆல்பம் நம்பர் 2 வரும்னு 2006ல அந்த பஸ்ஸுல யாராவது சொல்லியிருந்தா பின் சீட்டே சிரிச்சிருக்கும்.

அவங்க ஃபார்முலா ரொம்ப சிம்பிள். முதல்ல ஒரு பொண்ணு குரல்ல சோகமான ஹூக் (திரும்பத் திரும்ப வர்ற வரி), தொண்ணூறுகள் டான்ஸ் பாட்டு வாசனையோட. அப்புறம் டமால்னு ஆர்கன் எறங்கும். அதுக்கு மேல பசங்க வந்து பைக்கு, கார், போலீஸ்ட்ட இருந்து ஓடறது, வெள்ளிக்கிழமை குடிக்கறதுன்னு மூச்சு விடாம பேசுவாங்க. மேல அழுக, கீழ கூத்து, இந்த முரண்தான் வேலை செய்யுது. குறை சொல்லணும்னா, ஆல்பமா ஒரே மூச்சுல கேட்டா ஆறாவது பாட்டுக்கு மேல எது எதுன்னு தெரியாது, எல்லாம் ஒரே இட்லித் தட்டுல ஊத்துன மாதிரி. ரெண்டு ரெண்டா கேளுங்க. அந்த உச்சரிப்பு முதல் தடவ யாருக்கும் புரியாது, இங்க இத்தன வருஷமா இருக்கற எனக்கே வரிய தேடிப் பாத்தாதான் புரியுது, அத விட்ருங்க, தாளத்த பிடிங்க.

இன்னொரு பக்கம் க்ரூகாஸ்ட்னு ஒரு லேபிள் கூட்டம், ஸ்கெப்ஸிஸ், டார்க்ஸி தயாரிக்கறாங்க, ப்ரூ-சி, விண்டோ கிட் மைக்குல. இது காலேஜ் பசங்க கூட்டம், சத்தம் ஜாஸ்தி, பேஸ் ரம்பம் அறுக்கற மாதிரி இருக்கும், ஆர்கன் பேஸ்லைன் பிடிச்சவங்களுக்கு இது தலவலி. ப்ரூ-சி நாட்டிங்ஹாம் ஆளு, ட்ரம் அண்ட் பேஸ்லயும் பாடுவாரு, குரல்ல ஒரு கட்டுப்பாடு இருக்கு. விண்டோ கிட் மேடைல பாக்க வேண்டிய ஆளு, ஹெட்ஃபோன்ல கேட்டா பாதிதான் கெடைக்கும்.

லண்டன் பக்கம் எம்சி கேரிஜுக்கு திரும்புனாருன்னு எனக்கு உறைச்சது 2019ல. ஏஜே ட்ரேசி 'லாட்ப்ரோக் க்ரோவ்', தயாரிச்சது கன்டக்டா. க்ரைம்ல வளந்த ஒரு எம்சி, தான் வளந்த ஏரியா பேர வெச்சு, சுத்தமான கேரிஜ் பீட்டு மேல பாடி நம்பர் 3 வரைக்கும் கொண்டு போனாரு. அந்த பாட்டுல ஒரு விஷயத்த கவனிங்க, பீட்டு கொஞ்ச நேரம் தனியா ஓடும், ஏஜே அதுக்குள்ள வந்து மிதிக்க மாட்டாரு. கன்டக்டா அதே சமயத்துல கிவி ரெக்கார்ட்ஸ்னு லேபிளும் ஆரம்பிச்சாரு, இப்ப இருக்கற புது கேரிஜ் பசங்களோட சத்தம் பாதி அங்கருந்து வந்ததுதான்.

இதுக்கு நடுவுல சிரிப்பு சமாச்சாரம் ஒண்ணு, 'பீப்பிள் ஜஸ்ட் டூ நத்திங்'னு பிபிசில 2014லருந்து 2018 வரைக்கும் வந்த காமெடி, ப்ரென்ட்ஃபோர்டுல திருட்டு ரேடியோ (லைசன்ஸ் இல்லாத ஸ்டேஷன்) நடத்தற குருப்ட் எஃப்எம்னு ஒரு கற்பனை கூட்டம், எம்சி க்ரிண்டான்னு ஒரு ஆளு தன்ன உலகப் புகழ்னு நெனச்சுட்டு திரிவாரு. கிண்டல்தான், ஆனா அத எடுத்தவங்களுக்கு கேரிஜ் மேல உயிர். நிஜமாவே மேடை ஏறி ஷோ பண்ணாங்க, 2021ல படத்தோட ஆல்பமும் வந்துச்சு, அதுல டி டபுள் இ, க்ரெய்க் டேவிட் மாதிரி நிஜ ஆளுங்களே வந்து பாடியிருக்காங்க. எம்சி கலாச்சாரம் என்னன்னு வீட்ல உக்காந்து புரிஞ்சுக்க அந்த சீரியல் ரெண்டு எபிசோடு பாருங்க, என் பதிலே தேவைப்படாது.

அதுக்கப்புறம் வந்ததுல கட்டாயம் கேக்க வேண்டியது சாமி விர்ஜி. ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து ஆளு, இப்ப உலகம் முழுக்க ஓடறாரு. எம்சிய எப்படி வெச்சுக்கணும்னு தெரிஞ்ச தயாரிப்பாளர். 2023ல ஃப்ளோடானோட 'ஷெல்லா வெர்ஸ்'. ஃப்ளோடான் ரோல் டீப்ங்கற பழைய க்ரைம் கும்பல் காலத்து ஆளு, கெணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி அடிக் குரல். சாமியோட பீட்டு துள்ளிக் குதிக்கும், இவரு குரல் தரையில ஊர்ந்து போகும், ஒண்ணு மேல போக ஒண்ணு கீழ போக நடுவுல பெரிய இடம் கெடைக்குது, ரெண்டும் இடிச்சுக்கவே இல்ல. அதே வருஷம் ஸ்க்ரில்லெக்ஸ், ஃப்ரெட் அகெய்ன்ங்கற தயாரிப்பாளர்களோட ஃப்ளோடான் பண்ண 'ரம்பிள்' 2024ல க்ராமி வாங்குச்சு, அது கேரிஜ் இல்ல, ஆனா திருட்டு ரேடியோலருந்து வந்த ஒரு எம்சி குரலுக்கு அமெரிக்கால மேடை கெடைச்சது பெரிய விஷயம்.

2025ல சாமி விர்ஜியும், க்ரைம்ல பெரிய எம்சியான ஸ்கெப்டாவும் 'காப்ஸ் அண்ட் ராபர்ஸ்'. என் கணக்குல இந்த வருஷங்கள்ல வந்த எம்சி கேரிஜ்ல இதுக்குத்தான் முதல் மார்க். ஸ்கெப்டா மாதிரி பெரிய பேர கொண்டாந்தா பொதுவா பீட்ட அடக்கி வாசிப்பாங்க, இங்க அப்படி இல்ல, ஸ்கெப்டாதான் பீட்டுக்கு ஏத்த மாதிரி வரிய நறுக்கி நறுக்கி போடறாரு, பழைய ரேடியோ பழக்கம் மறக்கல. அவரு கேரிஜ் செட்டுங்க கேட்டு வளந்த தலைமுறை, புதுசா கத்துக்கிட்டு வந்தவர் இல்ல. அதே வருஷம் சாமியோட 'சேம் டே க்ளீனிங்' ஆல்பமும் வந்துச்சு, அத முழுசா ஓட விடுங்க.

ஒரு பெண் எம்சி கூட சொல்லலியேன்னு கேப்பீங்க. ஞாயமான கேள்வி. பழசுல ஸ்டிக்கி தயாரிச்ச மிஸ் டைனமைட்டோட 'பூ!' 2001, அந்த காலத்துல அதுக்கு ஈடு கெடையாது, எத்தன ஆம்பள எம்சி வந்தாலும் அந்த பாட்டு முன்னாடி கைய கட்டி நிக்கணும். லிசா மாஃபியா சோ சாலிட்ல. புதுசுல, 2022ல நம்பர் 1 வந்த 'பி.ஓ.டி.ஏ.' எலைசா ரோஸ், இன்டர்ப்ளானெட்டரி க்ரிமினல் சேந்தது, அத கறாரா எம்சி ட்ராக்குன்னு சொல்ல முடியாது, ஆனா பாதி பேச்சு பாதி பாட்டா அவங்க பண்றத கேட்டா எம்சி வாடை அடிக்கும். இந்த பக்கம் லேபிளுங்க பொண்ணுங்கள ஹூக் பாட மட்டும் கூப்பிடற பழக்கம் இன்னும் போகல, எனக்கு அதுல எரிச்சல்தான்.

எது நல்லது எது சொதப்பல்னு கண்டுபிடிக்க நான் பண்றது ஒண்ணுதான். புது ட்ராக்குக்கு இன்ஸ்ட்ருமென்டல் (குரல் இல்லாத வெறும் பீட்டு) வந்திருந்தா அத முதல்ல கேப்பேன். அதுவே முழுசா, நெறைஞ்சு, மூச்சு விட இடம் இல்லாம இருந்தா எம்சிய அப்புறமா ஒட்ட வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், மார்க்கெட்டிங்குக்கு ஒரு பேரு. கொஞ்சம் காலியா, ஏதோ குறையற மாதிரி இருந்து, எம்சி வந்ததும் அந்த ஓட்டை அடைபட்டா அது சேந்து உக்காந்து பண்ண ட்ராக். இப்ப வர்றதுல முக்கால்வாசி முதல் வகை, ஒளிச்சு சொல்ல ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, பழைய கேரிஜ் ஹிட்டோட ஹூக்க அப்படியே எடுத்து மேல யாரையோ பேச வெக்கறது, இதுக்கு ரீ-வைண்டுன்னு பேரு வெச்சாலும் மறுசூடு சாம்பார்தான்.

மேடைலயும் இதே வியாதி உண்டு. லீட்ஸ்ல ஒரு நைட்டு போனேன், பேரு வேணாம், ஹோஸ்ட் பண்ண ஆளு ரெண்டு மணி நேரம் ஒரு செகண்டு வாய மூடல. ஒவ்வொரு ட்ராப்புக்கும் (பேஸ் டமால்னு எறங்கற இடம்) முன்னாடி "ரெடியா, ரெடியா"ன்னு கத்தி, ட்ராப் விழற நேரத்துல அவரு குரல் மட்டும்தான் கேக்குது. என் பக்கத்துல நின்ன வயசான ஆளு ஒருத்தர், ஐம்பதுக்கு மேல இருக்கும், பழைய நீஷ் ஆளா இருப்பாருன்னு நெனக்கறேன், பெருமூச்சு விட்டுட்டு கோட்ட எடுத்து மாட்டிட்டு கெளம்பிட்டாரு. நானும் பின்னாடியே கெளம்பிட்டேன்.

எங்க தேடறது? டிஜேங்க பாட்டு வாங்கற பீட்போர்ட் சைட்ல யூகே கேரிஜ், பேஸ்லைன் ரெண்டையும் ஒரே பிரிவா போட்டிருப்பாங்க, வாரா வாரம் எட்டிப் பாருங்க. பேண்ட்கேம்ப்ல சின்ன லேபிளுங்க. சவுண்ட்க்ளவுட்ல இன்னும் வெளிவராத ட்ராக், டப்னு சொல்லுவாங்க, அது டிஜே தொடர்ச்சியா போடற செட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். ட்ராக் பேருக்கு பக்கத்துல விஐபின்னு போட்டிருந்தா அத விடாதீங்க, அதே தயாரிப்பாளர் தன் பாட்டையே க்ளப்புக்கு மாத்தி பண்ணது, பல சமயம் ஒரிஜினல விட ஜோரா இருக்கும். ரின்ஸ் எஃப்எம் 1994ல திருட்டு ரேடியோவா ஆரம்பிச்சு 2010ல லைசன்ஸ் வாங்குன ஸ்டேஷன், அதோட பழைய ஷோ எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, எம்சி லைவ்வா வர்ற ஷோவா பாத்து எடுங்க. ரிலீஸ் ஆன பாட்டுல 28 செகண்டு வர்ற எம்சி அங்க ஒரு மணி நேரம் நின்னு பேசுவாரு, யார் உண்மையிலயே கெட்டிக்காரன்னு அங்க தெரிஞ்சுரும்.

உங்களுக்கு வரிசை வேணும்னா: 'யூ வாட்!', '450', 'லாட்ப்ரோக் க்ரோவ்', 'ஷெல்லா வெர்ஸ்', 'காப்ஸ் அண்ட் ராபர்ஸ்'. அஞ்சும் சேந்து ஒரு டீ குடிக்கற நேரம்தான். ஆனா தயவுசெஞ்சு ஃபோன் ஸ்பீக்கர்ல போட்டு கேட்டுட்டு நல்லால்லன்னு வந்து சொல்லாதீங்க, நான் அந்த தப்ப ஒரு வருஷம் பஸ்ஸுல உக்காந்து பண்ணிட்டேன். யாராவது ஃப்ரெண்டு கார்ல சப்-வூஃபர் இருந்தா ஒரு ரவுண்டு கூட்டிட்டு போக சொல்லுங்க, கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு.